ஒயில் கம்பி சொன்ன பொய்: மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

2022 ஜூன் மாதக் கடைசி. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்த கிழமை. யாழ்ப்பாணத்தில் ஒரு நிரப்பு நிலையத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, எனக்குப் பின்னால் நின்ற ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதெல்லாம் ஒரு தட்டுப்பாடோ தம்பி? நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடினனாங்கள்.”

இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்கட வயதில் குறைவு. கலியாண வீட்டிலும் சொல்லுவினம், செத்த வீட்டிலும் சொல்லுவினம். எப்போதும் ஒரு பெருமையோடுதான் சொல்லுவினம். நானும் வெளிமாவட்ட நண்பர்களுக்கு அதே பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஒருநாள் எங்கட ஊரில் உள்ள ஒரு பழைய மெக்கானிக்கிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது, அவர் பெருமைப்படவில்லை. “ஓடினது சரி. பிறகு அந்த எஞ்சினுகளை ஆர் கழட்டினது?” என்று மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் பின்னணி. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதோடு குடாநாட்டின் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளமானது. தரைப்பாதை அடைபட்டதால் சனங்கள் கொம்படி, ஊரியான் வழியாகவும், பிறகு கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தும் போய் வந்தார்கள். அந்த வழியால் வந்து சேர்ந்த பொருளுக்குப் பாதையின் ஆபத்தும் சேர்ந்து விலையானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்.

அளவாகக் கிடைத்த அந்த மண்ணெண்ணெய்தான் வாகனங்களுக்கும் போனது. ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பிரித்தானியக் கார்கள் யாழ்ப்பாணத்தில் அப்போதும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பழசாக இருந்ததே அவற்றுக்கு உதவியது. பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதில் ஒரு எஞ்சினின் குணம் தெரியும். ஏ40 போன்றவற்றில் அது ஏறத்தாழ 7 மடங்குதான். மண்ணெண்ணெயை அதைவிட இறுக்கி அழுத்தினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் ‘நொக்’ அடிக்கும். குறைந்த அழுத்தம் என்றபடியால் பழைய எஞ்சின்கள் ஒருமாதிரித் தாங்கின.

ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. அதற்குத்தான் ‘சூப்பி’. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு கார்பரேற்றருக்குள் பீச்சி அடிப்பது, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் விடுவது. மோட்டார் சைக்கிள்காரரின் பையிலும் ஒரு சூப்பி இருந்தது. கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்போம். எஞ்சினுக்குள் நடந்தது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெற்றோல் சுலபமாக ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கவே ஏறத்தாழ 150 பாகை வேண்டும், முழுக்க ஆவியாக 250 பாகைக்கும் மேலே போக வேண்டும். அதனால் சிலிண்டருக்குள் போகும் மண்ணெண்ணெயில் ஒரு பங்கு எரியாமல் துளியாகவே சுவரில் படியும். அந்தச் சுவரில்தான் எஞ்சின் ஒயில் ஒரு மெல்லிய படலமாக இருந்து, பிஸ்டன் றிங் உரசாமல் காக்கிறது. மண்ணெண்ணெய் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். கிறீஸ் பிடித்த கையை மண்ணெண்ணெயில் கழுவின ஆருக்கும் இது விளங்கும். கழுவின மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கி, அங்கே இருக்கிற ஒயிலையும் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். ஐதாகிப்போன ஒயில் பெயாரிங்கைக் காக்காது. மேலே அரைகுறையாக எரிந்ததன் கரி றிங்குகளை இறுக்கிப் பிடிக்கும். றிங் தேய்ந்து இறுகினதும் ஒயில் மேலே ஏறி எரியும். பின்னால் நீலப் புகை வரும்.

இதில் மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. ஒரு எஞ்சின் ஒயில் குடிக்கிறதா என்று பார்க்க எல்லாரும் இழுத்துப் பார்ப்பது ஒயில் கம்பியைத்தான். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் ஒயில் எரிந்து குறைந்துகொண்டே போகும், அதே நேரம் மண்ணெண்ணெய் இறங்கி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே வரும். கம்பி ‘ஃபுல்’ என்று காட்டும். சிலவேளை போன கிழமையைவிடக் கூடவும் காட்டும். அளவு குறையவில்லை, ஆனால் உள்ளே இருப்பது ஒயிலும் இல்லை. கம்பியை மணந்து பார்க்கத் தெரிந்தவருக்கும், ஒரு சொட்டை விரலிடுக்கில் உரசி வழுவழுப்பைப் பார்க்கத் தெரிந்தவருக்கும்தான் உண்மை பிடிபட்டது.

மண்ணெண்ணெயில் ஓடுவது யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் பின்னும் பிரித்தானிய வயல்களில் ஓடிய ஃபேர்குசன், ஃபோட்சன் உழவு இயந்திரங்களில் பல, பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெயைப் போன்ற ஒரு மலிவு எரிபொருளுக்கு மாறும்படி செய்யப்பட்டவை. எரிபொருளை ஆவியாக்க, புகைபோக்கியின் சூட்டைப் பயன்படுத்தும் அமைப்பும் அவற்றில் இருந்தது. அப்படியிருந்தும் ஒயில் ஐதாகும் என்று அவர்களுக்குத் தெரியும். நிற்பாட்டுவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்று, ஒயிலை அடிக்கடி வடித்துப் புதிதாக விடு என்பதே அங்கே வழக்கம். எங்கட கரையோர மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்களிலும் மண்ணெண்ணெய்க்கென்றே செய்தவை உண்டு. மண்ணெண்ணெய் மட்டும் பிரச்சினை இல்லை. அதற்கென்று செய்யாத எஞ்சினை, மாற்று ஒயிலும் இல்லாமல் ஓட்ட வேண்டிவந்ததுதான் பிரச்சினை.

என் வாதம் இதுதான். தடை பெற்றோலை மட்டும் மறிக்கவில்லை, பெற்றோல் இல்லாததால் வந்த நோய்க்கான மருந்தையும் சேர்த்து மறித்தது. அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டிய ஓட்டம் இது. அந்த ஒயிலே தட்டுப்பாடு. றிங் தேயும், றிங் வராது. பெயாரிங் போகும், பெயாரிங் வராது. டீசல் வாகனங்களுக்கும் இதே கதைதான். டீசல் பம்பு தன் மசகை எரிபொருளிலிருந்தே எடுக்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு.

இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஒருவர் பந்தயத் திடலுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். திடலில் ஒயில் கடுமையாகச் சூடேறும், வளைவுகளில் ஒரு பக்கமாக ஒதுங்கும், செலவும் கூடும். அவரும் கம்பியை இழுத்து இழுத்துப் பார்ப்பார். 0டபிள்யூ-30 விடுவதா, 10டபிள்யூ-60 விடுவதா என்று யோசிப்பார். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு ஓடும் என்பதையும், இரண்டாவது சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. அந்தத் தெரிவுக்குப் பின்னால் 100 வருட வரலாறு இருக்கிறது. காஸ்ற்றோல் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் வந்தது. முதலாம் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் அந்தக் காலப் பந்தயக் கார்களும் ஆமணக்கெண்ணெயில் ஓடின. சூட்டில் அது நல்லாத் தாங்கும். ஆனால் நாள்பட்டால் பிசினாகும், அடிக்கடி மாற்றிக் கழுவ வேண்டும். ‘வீட்டிலிருந்த எண்ணெயை விட்டிருக்கலாமே’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. தாவர எண்ணெய் பந்தயக்காரருக்குச் சரி, நாள் முழுக்க வாடகைக்கு ஓடி மாதக்கணக்கில் ஒயில் மாற்றாத காருக்குச் சரிவராது. திடலில் ஓடுகிறவர் தெரிந்தே எஞ்சினைத் தேய்க்கிறார், தேய்ந்ததற்கு மருந்தும் கடையில் இருக்கிறது. 1992இல் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஏ40காரருக்கு அந்த இரண்டும் இல்லை.

அப்படியென்றால் விலையைக் கொடுத்தது ஆர்? ஒரு காரையே சீவியமாக வைத்திருந்த வாடகைச் சாரதி. கழற்றின எஞ்சினில் இருந்த நல்ல துண்டை இன்னொன்றுக்குப் பொருத்தி, தேய்ந்ததைக் கடைந்து, திருப்பித் திருப்பிப் பூட்டின கராஜ்காரர். அந்தப் புகையைச் சுவாசித்த எல்லாரும். தடைப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது இந்தத் தேய்மானம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எஞ்சின் அன்றைக்கே நிற்கவில்லை, கம்பி ‘ஃபுல்’ காட்டிக்கொண்டிருந்தது.

2002இல் ஏ9 திறந்தபோது பெற்றோலும் ஒயிலும் புது மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் அது மறுபடி மூடப்பட்டது. 2022 வரிசையில் அந்த ஐயா சொன்னதை இன்றைக்குச் செய்யவும் ஏலாது. இப்போதைய எஞ்சின்களில் சூப்பி அடிக்கக் கார்பரேற்றர் இல்லை. அழுத்தம் 10 மடங்குக்கு மேல். போதாததற்கு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது.

‘சமாளிச்சம்’ என்பது எங்கட சனத்துக்குப் பிடித்த சொல். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லும் ஒயில் கம்பி மாதிரித்தான், அளவை மட்டும் காட்டும். அதனால் அடுத்த முறை ஆராவது மண்ணெண்ணெய்க் கதை சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். “ஒயில் எங்கால எடுத்தனீங்கள்? எத்தனை தரம் எஞ்சின் கழட்டினனீங்கள்?” என்று கேளுங்கள். அந்தக் கைவேலையைச் செய்தவர்களுக்கு இப்போது வயது 60, 70 தாண்டுகிறது. அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.