குப்பத்துக்கு வந்த கச்சேரி

குப்பம் என்றாலே பட்டணத்துக்காரங்களுக்கு ஒரு இளக்காரம். கூடை தூக்கி மீன் விக்கப் போற நம்ம பெண்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் சென்னையில் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தின் கதையை இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

பெசன்ட் நகர் என்று ஒன்று வருவதற்கு முன்பே இருந்த மீனவர் ஊர் அது. பிறகு மனை போட்டார்கள், மாடி வீடுகள் எழும்பின. பழைய ஊர் ஓரமாய் ஒதுங்கிப்போச்சு. பக்கத்துக் கடற்கரைக்குக் காத்து வாங்க வருபவர்கள் குப்பத்துத் தெருவுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை.

மார்கழி வந்தால் சென்னை சபாக்களில் கச்சேரி நடக்கும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் படி ஏறுவது அபூர்வம். 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கேயே மேடை போட்டார்கள். டிக்கெட் கிடையாது. கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் நடந்த அதே மேடையில் பறையாட்டமும் நடந்தது. மாடி வீட்டுக்காரரும் வலை பின்னுகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பின்னாளில் இந்த விழா ‘சென்னை கலைத் தெரு விழா’ என்று பெயர் மாறியது.

“ரெண்டு நாள் பாட்டு கேட்டா வலையில மீன் விழுந்துடுமா?” என்று கேட்கலாம். விழாதுதான். ஆனால் ஒதுக்கி வைத்த ஊரின் பெயரே விழாவின் பெயராக அழைப்பிதழில் வந்ததே, அது சின்ன விஷயமா?

இன்னொன்றும் நடந்தது. அதே டி.எம். கிருஷ்ணா 2017-ல் ‘சென்னை புறம்போக்கு பாடல்’ பாடினார். அது நமக்குப் பக்கத்து எண்ணூர் கழிமுகத்தைப் பற்றியது. புறம்போக்கு என்பதை நாம் திட்டுகிற சொல்லாக ஆக்கிவிட்டோம். உண்மையில் அது எல்லாருக்கும் பொதுவான நிலம். ஆறும் கழிமுகமும் அழிந்தால் யார் பிழைப்பு போகும் என்பது அந்தப் பாட்டால் பல ஊருக்குக் கேட்டது.

நம்ம பழவேற்காடும் ஒரு காலத்தில் பெரிய துறைமுகப் பட்டணம். 1613-ல் டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டினார்கள். இங்கிருந்து போன துணி கீழை நாடுகள் வரை விற்றது. பாளையக்காட் கைலி என்கிற பேரே நம்ம ஊரால் வந்ததுதான். இன்று வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், டச்சுக் கல்லறையைப் பார்க்கிறார்கள், மீன் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். செத்தவர்களைப் பார்க்க இடம் இருக்கு. இருக்கிறவர்கள் பாடுவதைக் கேட்க ஒரு திண்ணை இல்லை.

நம்ம கூட்டமைப்புக் கட்டிடம் மாதக் கூட்டம் முடிந்தால் பூட்டித்தானே கிடக்கிறது? வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு தெரிந்த பெரியவர்கள் காட்டூர்ப் பக்கம் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட ஒரு தீர்மானம் போதும்.