வெட்ட வெட்ட முளைத்த மரு

1854 செப்டம்பர். பாரிஸ் நகரின் பாலே ரோயால் தோட்டத்தில் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் உலாவிக்கொண்டிருந்தார். ஸ்பெயின் நாட்டுப் பாடகர் குடும்பத்தில் பிறந்தவர்; லண்டனில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தவர். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். அன்று வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிப்பது போல மனத்தில் ஒரு காட்சி தோன்ற, நேரே கருவி செய்யும் ஷாரியேரின் கடைக்குப் போனார். பல் மருத்துவர்களுக்கென்று செய்து, 1851 லண்டன் கண்காட்சிக்கு அனுப்பி, விலைபோகாமல் திரும்பிய நீண்ட பிடியுள்ள சின்னக் கண்ணாடி ஒன்று அங்கே கிடந்தது. விலை ஆறு பிராங்க்.

அதை வெந்நீரில் சூடாக்கி, துடைத்து, உள்நாக்கில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார். இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் பாய்ச்சினார். உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் திறப்பதும் மூடுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது.

கார்சியா தேடியது குரலின் ரகசியத்தை. அதே கண்ணாடி மருத்துவர்களுக்குக் காட்டியது வேறொன்று. சிலருடைய குரல்நாண்களின் மேல், குட்டிக் காலிபிளவர் போலக் கொத்துக் கொத்தாகச் சதை வளர்ந்திருந்தது. அது புற்றுநோய் அல்ல, ஒருவகை மரு. கையில் வந்தால் யாரும் பொருட்படுத்தாத மரு, சிறு குழந்தையின் குரல்வளையில் வந்தால் உயிருக்கே உலை வைக்கும். அந்தப் பாதை அவ்வளவு குறுகல். முதலில் குரல் கம்மும். பிறகு மூச்சு இழுக்கும். சளி, இழுப்பு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மருவோ உள்ளே அடைத்துக்கொண்டே வரும்.

கண்ணாடி வருவதற்கு முன்பு இதற்கு வைத்தியம் மிகக் கொடுமையானது. 1844-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் எர்மான் என்ற அறுவை மருத்துவர், கழுத்தை முன்புறமாகப் பிளந்து, குரல்வளையைத் திறந்து உள்ளே இருந்த கட்டியை எடுத்தார். மயக்க மருந்து நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய காலம் அது. நியூயார்க்கில் ஹொரேஸ் கிரீன், நாக்கை அழுத்திப் பிடித்து வாய் வழியாகவே ஒரு சிறுமியின் குரல்வளைக் கட்டியை அகற்றியதாக 1852-இல் எழுதினார். குரல்வளைக்குள் கருவியைச் செலுத்த முடியும் என்பதையே அவருடைய ஊர் மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான்.

வியன்னாவில் டியூர்க்கும், அவரிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கிப்போன செர்மாக்கும் 1857, 58-இல் கார்சியாவின் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்கள். டியூர்க் சூரிய ஒளியை நம்பியிருந்தார்; வியன்னாவின் குளிர்கால மேகம் அவர் வேலையை நிறுத்திவிட்டது. செர்மாக் விளக்கொளியைப் பயன்படுத்தினார். யார் முதல் என்று இருவருக்கும் மூண்ட சண்டை வருடக்கணக்கில் நீடித்தது.

1861-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் விக்டர் புரூன்ஸ் செய்த காரியம் இன்று படித்தாலும் மெய்சிலிர்க்க வைக்கும். கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி, வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, குரல்நாணில் இருந்த கட்டியை அறுத்தெடுத்தார். நோயாளி அவருடைய உடன்பிறந்த சகோதரர். தொண்டையை மரத்துப்போக வைக்கும் மருந்து எதுவும் அப்போது கிடையாது. இருமாமலும் குமட்டாமலும் கருவியைத் தாங்கிக்கொள்ள அந்தச் சகோதரர் நெடுநாள் பழகவேண்டியிருந்தது. மருத்துவரின் திறமையைப் பாடும் வரலாறு, அந்த நோயாளியின் பொறுமையையும் பாடியிருக்க வேண்டும். 1884-இல் கோகெய்ன் கரைசலைத் தடவினால் உறுப்பு மரத்துப்போகும் என்று வியன்னாவில் கண்டறிந்த பிறகுதான் இந்த வேதனை தணிந்தது.

லண்டனில் மோரெல் மெக்கன்சி 1863-இல் தொண்டை நோய்களுக்கென்றே மருத்துவமனை தொடங்கினார். குரல்வளைக் கட்டிகள் பற்றி 1871-இல் அவர் வெளியிட்ட நூல், தொடர்ச்சியாகத் தாம் பார்த்த 100 நோயாளிகளின் கதைகளைக் கொண்டது. குழந்தைகளுக்கு அதிகமாக வருவது மரு வகைதான் என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் அவர். அதே மெக்கன்சியை 1887-இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்கின் தொண்டையைப் பார்க்க அழைத்தார்கள். அவர் எடுத்த சதைத் துணுக்கை ஆராய்ந்த பேரறிஞர் ஃபிர்ஹோ, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்றார். ஆனால் அது புற்றுநோய்தான். அரியணை ஏறி 99 நாட்களில், 1888 ஜூன் 15 அன்று, பிரெடெரிக் இறந்தார். தீங்கற்றதையும் கொல்வதையும் பிரித்தறிவது அந்தக் காலத்தில் எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கருவிகள் கூர்மையாகிக்கொண்டே போயின. 1895-இல் பெர்லினில் கிர்ஷ்டைன் கண்ணாடியே இல்லாமல் குரல்வளையை நேராகப் பார்க்க வழி கண்டார். 1897-இல் பிரைபர்க்கில் கில்லியன் மூச்சுக்குழாய்க்குள்ளேயே குழாயைச் செலுத்தினார். ஆனால் குழந்தைகளின் மரு எந்தக் கருவிக்கும் பணியவில்லை. எடுத்தால் சில வாரங்களில், சில மாதங்களில் மறுபடி முளைத்தது. பல பிள்ளைகள் கழுத்தில் துளை போட்டுக் குழாய் பொருத்திக்கொண்டு, குரலே இல்லாமல் வளர்ந்தார்கள். அந்தத் துளையே மரு கீழே மூச்சுக்குழாய்க்குப் பரவவும் இடம் கொடுக்கும் என்பது பின்னால்தான் புரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் கதிர்வீச்சு பெற்றவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் உண்மையான புற்றுநோய் வந்தது. அந்த முறை கைவிடப்பட்டது.

இதற்கெல்லாம் விடை 1923-லேயே கண்ணில் பட்டிருந்தது. உல்மான் என்ற மருத்துவர், ஒரு குழந்தையின் குரல்வளையிலிருந்து எடுத்த மருவை அரைத்து, தம் கையிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. ஆகவே இது தொற்று. வெட்டி எறிவதால் மட்டும் தீராது. 1956-இல் ஹாயெக் என்ற மருத்துவர், தாய்க்குப் பிறப்புறுப்பில் மரு இருந்ததையும் குழந்தைக்குத் தொண்டையில் மரு வந்ததையும் இணைத்துப் பார்த்தார். மருத்துவ உலகம் இரண்டையும் படித்துவிட்டு மீண்டும் இடுக்கியைத்தான் கையில் எடுத்தது. 1982-இல் ஜெர்மனியில் சுர் ஹவுசன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிஸ்மான் குழுவினர் குரல்வளை மருவிலிருந்து எச்.பி.வி. 11 என்ற வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இன்று 6, 11 ஆகிய இரண்டு வகைகளே இந்த நோய்க்கு முக்கியக் காரணம் என்று தெரியும். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. தாய்க்குத் தனக்கு அது இருப்பதே தெரிந்திருக்காது. இதில் யார்மேலும் பழி சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையே லேசர் வந்தது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் கதிரைத் திசுவில் இருக்கும் நீர் உறிஞ்சிக்கொள்ளும். சதை ஆவியாகும், ரத்தம் அதிகம் கசியாது. பாஸ்டன் நகரின் ஸ்ட்ராங்கும் யாகோவும் 1972-இல் இதைக் குரல்வளையில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, குரல்நாணைக் காயப்படுத்தாமல் மருவை மட்டும் எரிக்க முடிந்தது. ஆபத்தும் கூடவே வந்தது: சுவாசக் குழாயில் ஆக்சிஜன் ஓடும்போது தீப்பிடிக்கலாம், எழும் புகையில் வைரஸின் மரபணு இருக்கும். லேசர் அறுவை செய்துவந்த நார்வே மருத்துவர் ஒருவருக்கே தொண்டையில் மரு வந்ததாக 1991-இல் பதிவானது. 1990-களில், சுழலும் கத்தியும் உறிஞ்சியும் சேர்ந்த கருவி வந்து லேசரின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. அறுவை நயமானது. மரு திரும்பி வருவது மட்டும் நிற்கவில்லை.

நோய் புதிதாக வருவதே ஏறக்குறைய நின்றது ஆஸ்திரேலியாவில். அங்கே 2007-இல் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நோக்கம் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த ஊசி நான்கு வகை வைரஸ்களுக்கானது. புற்றுநோய் தரும் 16, 18 உடன், மரு தரும் 6, 11-உம் அதில் இருந்தன. அந்த மாணவிகள் வளர்ந்து தாய்மார்களானார்கள். 2012-இல் அந்த நாட்டில் புதிதாக இந்த நோய் கண்ட குழந்தைகள் ஏழு பேர். 2016-இல் ஒரே ஒருவர். நோய் வந்த குழந்தைகளின் தாய்மார்களில் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கத்தியும் கதிரும் செய்யாததைப் பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி செய்தது.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. தோலுக்கடியில் நான்கு முறை செலுத்தும் பாப்சிமியோஸ் என்ற மருந்தை, பெரியவர்களுக்காக, அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் அனுமதித்தது. ஆய்வில் கலந்துகொண்ட 35 பேரில் 18 பேருக்கு அடுத்த ஓராண்டில் அறுவை தேவைப்படவில்லை.

இலங்கை 2017-இலேயே ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி தரத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2022-இல் அனுமதி பெற்றது. அதிலும் 6, 11 இரண்டும் உண்டு. தமிழ்நாடு அரசும் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உலகச் சந்தையில் 16, 18-க்கு மட்டுமான இருவகை ஊசிகளும் இருக்கின்றன. அவை புற்றுநோயைத் தடுக்கும். குழந்தையின் தொண்டை மருவைத் தடுக்கா. எந்த ஊசி வாங்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரிகள், மூச்சுக்காகத் திரும்பத் திரும்ப அறுவை மேசைக்குப் போகும் இந்தப் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோரும் ஊசி போடும்முன் அதில் 6, 11 வகைகளும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் குரல் வாரக்கணக்கில் கம்மியே இருந்தால், சளி மருந்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.