டோனி ஹாக்

டோனி ஹாக் (பிறப்பு: மே 12, 1968) அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த தொழில்முறை ஸ்கேட்போர்டு வீரர். செங்குத்துத் தளப் போட்டிகளில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர். அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுழன்று இறங்கும் ‘900’ என்ற வித்தையை 1999இல் போட்டி மேடையில் முதன்முதலாகச் செய்துகாட்டினார். 2002இல் அவர் தொடங்கிய அறக்கட்டளையின் உதவியால் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 600க்கு மேற்பட்ட பொது ஸ்கேட் பூங்காக்கள் உருவாகியுள்ளன. விழுந்து விழுந்து எழுந்த உழைப்புக்கும், அந்த உழைப்பின் பலனை ஏழைக் குழந்தைகளோடு பகிர்ந்துகொண்ட மனத்துக்கும் இந்த விளையாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதே.

இளமை

சான் டியேகோ நகரில் பிராங்க், நான்சி தம்பதியின் நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பெற்றோர் நாற்பதுகளின் நடுவில் இருந்தபோது பிறந்த பிள்ளை. ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பும், தோற்றால் தன்மேலேயே கோபம் கொள்ளும் பிடிவாதமும் சிறுவயதிலேயே இருந்தன. ஒன்பது வயதில் அண்ணன் ஸ்டீவ் தன் பழைய நீலநிற ஸ்கேட்போர்டைத் தம்பிக்குக் கொடுத்தார். அதன்பின் டோனியின் பொழுதெல்லாம் ஊரிலிருந்த ‘ஒயாசிஸ்’ ஸ்கேட் பூங்காவிலேயே கழிந்தது.

வயதுக்கு மிகவும் ஒல்லியான உடல் அவருடையது. முழங்கால் கவசம் தொளதொளவென்று இருந்ததால் முழங்கைக் கவசத்தையே காலில் மாட்டிக்கொள்வார். மற்றவர்களைப் போலப் பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் எழும்ப உடல்பலம் போதவில்லை. அதனால் முதலில் காலாலேயே பலகையை உந்தி எழுப்பி, மேலே போன பிறகு கையால் பிடிக்கும் முறையைப் பழகினார். மூத்த வீரர்கள் பலர் இதை ஏமாற்று வேலை என்றும் சர்க்கஸ் என்றும் கேலி செய்தார்கள். பின்னாளில் அதுவே செங்குத்துத் தள ஆட்டத்தின் பொது வழக்கமானது.

தந்தை பிராங்க் மகனின் ஆர்வத்தைத் தன் வேலையாகவே ஏற்றுக்கொண்டார். முறையான போட்டிகள் நடக்க வேண்டும் என்பதற்காக 1983இல் தேசிய ஸ்கேட்போர்டு சங்கத்தைத் தொடங்கினார். மகன் வெல்லும்போதெல்லாம் “அப்பா நடத்தும் போட்டி” என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அதற்கு டோனி தளத்தில் ஆடித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தொழில்முறை வாழ்க்கை

14 வயதில், 1982இல், தொழில்முறை வீரரானார். முன்னாள் வீரர் ஸ்டேசி பெரால்டா திரட்டிய ‘போன்ஸ் பிரிகேட்’ அணியில் ஸ்டீவ் கபாயெரோ, ராட்னி மல்லன், லான்ஸ் மவுண்டன், மைக் மெக்கில், டாமி கெரேரோ ஆகியோருடன் இடம்பெற்றார். செங்குத்துத் தளம் என்பது நம் ‘ப’ எழுத்தின் அடிமூலைகளை வளைத்துவிட்டது போன்ற அமைப்பு. ஒரு சுவரில் இறங்கிய வேகத்தில் மறுசுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் எழும்பும் நொடிகளில்தான் வீரர்கள் தம் திறமையைக் காட்டுவார்கள். இந்தப் பிரிவின் உலகப் பட்டத்தை ஹாக் தொடர்ந்து 12 ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தார். 25 வயதுக்குள் 103 தொழில்முறைப் போட்டிகளில் கலந்துகொண்டு 73இல் முதலிடமும் 19இல் இரண்டாமிடமும் பெற்றார். 720 பாகைச் சுழற்சி உட்படப் பல புதிய வித்தைகள் அவர் உருவாக்கியவை.

சரிவும் மீட்சியும்

ஸ்கேட்போர்டிங் வளர்ந்ததும் தேய்ந்ததும் ஆடும் இடங்களைப் பொறுத்தே நடந்தது. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தாலும், காப்பீட்டுக் கட்டணம் தாங்காமலும் தனியார் பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹாக் ஆடி வளர்ந்த டெல் மார் பூங்காவும் 1987இல் மூடப்பட்டது. தெருவில் ஆடிய பிள்ளைகளைக் காவலர்கள் விரட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் செங்குத்துத் தள ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் போனது. பள்ளியில் படிக்கும்போதே சொந்த வீடு வாங்குமளவு சம்பாதித்தவர், நாளொன்றுக்கு 5 டாலரில் வெளிச்சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்.

அப்போதும் அவர் பலகையைக் கைவிடவில்லை. 1992இல் பெர் வெலிண்டருடன் சேர்ந்து ‘பேர்ட்ஹவுஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இளம் வீரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, கடை வாசல்களிலும் வாகன நிறுத்தங்களிலும் ஆடிக்காட்டினார். 1995இல் தந்தை புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு தொடங்கிய எக்ஸ் கேம்ஸ் போட்டிகள் தொலைக்காட்சி வழியே இந்த விளையாட்டை மீண்டும் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. முதல் ஆண்டிலேயே செங்குத்துத் தளப் பிரிவில் ஹாக் தங்கம் வென்றார்.

900

இரண்டரைச் சுற்று என்பது 900 பாகை. சுழலத் தொடங்கியதும் தரை கண்ணுக்குத் தெரியாது. கீழே வரும்போது உடலின் எடை சற்று முன்னே சாய்ந்தாலும் பின்னே சாய்ந்தாலும் தளத்தில் மோதித் தெறிக்க வேண்டியதுதான். ஹாக் பல ஆண்டுகள் இதற்கு முயன்று, விலா எலும்பு முறிந்தும் விடாமல் பழகினார். டேனி வே, டாஸ் பாப்பாஸ் போன்றவர்களும் இதே முயற்சியில் இருந்தார்கள்.

1999 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் அடுத்தடுத்து 11 முறை முயன்று விழுந்தார். போட்டிக்கான நேரம் முடிந்துவிட்டது. சக வீரர்கள் அவரைத் தொடரச் சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். 12ஆவது முறை அவர் கால் ஊன்றி இறங்கினார். கூட இருந்த போட்டியாளர்களே முதலில் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டாடினார்கள். அப்போது அவருக்கு வயது 31. அந்த ஆண்டோடு முழுநேரப் போட்டி வாழ்க்கையை நிறுத்திக்கொண்டார். 2016இல், அதே ஜூன் 27 அன்று, 48ஆவது வயதில் 900ஐ மீண்டும் செய்துகாட்டினார்.

900 நிகழ்ந்த சில மாதங்களில் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. அவர் பெயரைப் பயன்படுத்த ஒரே தவணையில் பெருந்தொகை தர நிறுவனம் முன்வந்தபோது அதை மறுத்து, விற்பனையில் பங்கு போதும் என்றார். அந்த வீடியோ கேம் உலகெங்கும் விற்றது. ஸ்கேட்போர்டைத் தொட்டே பார்த்திராத நாடுகளிலும் அவர் பெயர் பரவியது.

அறக்கட்டளைப் பணி

பொதுப் பூங்கா இல்லாத ஊரில் ஸ்கேட்போர்டு ஆடும் பிள்ளை குற்றவாளியைப் போல நடத்தப்படுவதை ஹாக் பயணங்களில் நேரில் கண்டார். பூங்கா கட்டிய ஊர்களிலும், ஆட்டம் தெரியாதவர்கள் வடிவமைத்த தளங்கள் பயன்படாமலும் ஆபத்தாகவும் கிடந்தன. இந்த இரண்டையும் மாற்றவே 2002இல் ‘டோனி ஹாக் அறக்கட்டளை’யைத் தொடங்கினார். 2020இல் அது ‘தி ஸ்கேட்பார்க் ப்ராஜெக்ட்’ என்று பெயர் மாறியது.

வருமானம் குறைந்த பகுதிகளுக்கே முதல் இடம் என்பது இதன் கொள்கை. பூங்காவை அறக்கட்டளை நேரடியாகக் கட்டிக் கொடுப்பதில்லை. உள்ளூர் இளைஞர்களும் பெற்றோர்களும் நகர மன்றத்தில் பேசி, இடம் கேட்டு, நிதி திரட்ட வேண்டும். அவர்களுக்கு நிதியும் வடிவமைப்பு ஆலோசனையும் வழிகாட்டுதலும் அறக்கட்டளை தருகிறது. தகடுகளால் பொருத்தும் தளத்தைவிட, நீடித்து உழைக்கும் கான்கிரீட் தளத்தையே பரிந்துரைக்கிறது. கேட்டுப் பெற்ற ஊருக்குப் பூங்காவோடு, தன் உரிமைக்காக மன்றத்தில் எழுந்து பேசப் பழகிய ஒரு தலைமுறையும் கிடைக்கிறது. இந்தப் பணியின் ஆழமான பயன் இதுதான்.

ஆப்கானிஸ்தானின் காபூலில் ஆலிவர் பெர்கோவிச் தொடங்கிய ‘ஸ்கேட்டிஸ்தான்’ அமைப்பு, ஸ்கேட்போர்டிங் வழியே பெண் குழந்தைகளைக் கல்விக்குக் கொண்டுவந்தது. ஹாக்கின் அறக்கட்டளை அதற்கும் துணைநின்றது. அங்கே பயின்ற காபூல் சிறுமிகளைப் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா விருதையும் ஆஸ்கரையும் வென்றது. அதே ஆண்டு அதே பாஃப்டா பிரிவில், மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஆடும் கமலி என்ற சிறுமியைப் பற்றிய ‘கமலி’ படமும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. வெறுங்காலோடு சறுக்கும் கமலியின் புகைப்படத்தைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் பகிர்ந்து உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர்களில் ஹாக்கும் ஒருவர்.

2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் காவலர்கள் தாக்கியதில் டைரி நிக்கல்ஸ் என்ற 29 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் ஸ்கேட்போர்டு ஆடுபவர். தான் கையொப்பமிட்ட படங்களை விற்று, அவர் நினைவு நிதிக்குப் பணம் திரட்டித் தந்தார் ஹாக்.

அடுத்த தலைமுறை

2021 எக்ஸ் கேம்ஸில் 53 வயது ஹாக் மீண்டும் களமிறங்கினார். பிரேசிலைச் சேர்ந்த 12 வயது கீ கூரி மூன்று முழுச் சுற்றுகளான 1080ஐச் செய்து முடித்தபோது, தன் சாதனையைத் தாண்டிய அந்தச் சிறுவனைக் கட்டியணைத்து வாழ்த்தினார். பேர்ட்ஹவுஸ் அணியின் லிசி அர்மான்டோ, தலைகீழ் வட்டத் தளத்தைச் சுற்றிவந்த முதல் பெண்ணானார். பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பின்லாந்துக்காக ஆடினார். ஸ்கேட்போர்டிங் முதன்முதலாக இடம்பெற்ற ஒலிம்பிக் அது.

2022 மார்ச்சில் ஹாக்கின் தொடை எலும்பு முறிந்தது. அதே மாத இறுதியில் ஊன்றுகோலுடன் ஆஸ்கர் மேடையேறினார். எலும்பு சரியாகக் கூடாததால் மறுபடியும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் தளத்துக்குத் திரும்பினார்.

மதிப்பீடு

900ஐ இன்று சிறுவர்களும் செய்கிறார்கள். நாளை அதைவிடக் கடினமானவை வரும். ஒரு வீரரின் சாதனை முறியடிக்கப்படுவது விளையாட்டின் இயல்பு. ஹாக்கின் பெருமை அதில் குறைவதில்லை. தனக்கு ஆட இடம் இல்லாமல் போன காலத்தை மறக்காமல், பணமும் புகழும் வந்தபோது பிறருக்கு அந்த இடத்தை உண்டாக்கித் தந்தவர் அவர். கட்டணமின்றி எந்தக் குழந்தையும் நுழையக்கூடிய அந்தப் பூங்காக்களே அவருடைய ஆகப் பெரிய சாதனை.