பெட்ரோல் டேப் (பழைய மோட்டார் சைக்கிள்)

பெட்ரோல் டேப் என்பது கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்களில் டேங்கின் அடியில், பெரும்பாலும் இடப்பக்கம், பொருத்தப்பட்டிருக்கும் சிறு அடைப்பான். பெட்ரோல் தன் எடையாலேயே டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு இறங்கும் வழியைத் திறப்பதும் மூடுவதும் இதன் வேலை. ஆன், ஆஃப், ரிசர்வ் என மூன்று நிலைகள் உண்டு. வயதான வண்டிகளில் இதன் பிடி இறுகிப்போவது மிகப் பரவலான கோளாறு. இறுகிய டேப்பை யாரும் திருப்புவதில்லை. திருப்பாமல் விடுவதாலேயே அது மேலும் இறுகுகிறது.

அமைப்பு

டேப்பின் மேல்முனையிலிருந்து டேங்குக்குள் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, சில அங்குல உயரத்துக்கு எழும் மெல்லிய குழாய். இது ஆன் நிலைக்கு உரியது. மற்றொன்று டேங்கின் தரையை ஒட்டியது, இது ரிசர்வ். பெட்ரோல் உயரமான குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி திணறும். ஓட்டுபவர் இடக்கையைக் கீழே விட்டு ரிசர்வுக்குத் திருப்புவார். மீதமிருக்கும் 1 முதல் 2 லிட்டர் வரையிலான பெட்ரோலில் அடுத்த பங்க் வரை போய்ச் சேரலாம். ரிசர்வ் என்று தனி டேங்க் இருப்பதாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி ஒன்றும் கிடையாது.

டேங்க் சட்டத்தின் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருப்பதால் அடியில் இரண்டு பள்ளங்கள் உண்டாகின்றன. டேப் பெரும்பாலும் ஒரு பள்ளத்தில் மட்டுமே இருக்கும். ரிசர்வும் தீர்ந்த பிறகு வண்டியை டேப் இருக்கும் பக்கமாகச் சாய்த்தால், எதிர்ப்பக்கம் தேங்கிய பெட்ரோல் இந்தப் பக்கம் வந்து சேரும். நம் ஊர்ச் சாலைகளில் பலருடைய பயணத்தைக் காப்பாற்றிய வித்தை இது.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் காலத்தில் பரவலானது தட்டை வாஷர் வகை. டேப்பின் உடலில் ஒரு வட்டப் பள்ளம். அதில் நான்கு அல்லது ஐந்து துளைகள் கொண்ட ரப்பர் வாஷர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் லிவரின் முகம் அழுந்திச் சுழலும். லிவர் முகத்தில் குடைந்திருக்கும் சிறு பள்ளம் எந்த இரண்டு துளைகளை இணைக்கிறதோ, அந்த வழியே பெட்ரோல் போகும். லிவரை ரப்பரின் மேல் அழுத்தி வைப்பது அலை போல வளைந்த மெல்லிய எஃகு வாஷர். எல்லாவற்றையும் மூடிப் பிடிப்பது இரண்டு சிறு ஸ்டார் ஸ்க்ரூ கொண்ட ஒரு தகடு.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இழுத்துத் தள்ளும் கார்க் டேப்பும், கூம்பு வடிவப் பித்தளை அச்சு சுழலும் டேப்பும் காணப்படும். எஞ்சினின் உறிஞ்சுவிசையால் தானே திறக்கும் வாக்குவம் டேப் வேறு வகை. அதன் பழுதும் வேறு.

இறுகும் காரணங்கள்

முதல் காரணம் ரப்பர். ஆண்டுக்கணக்கில் பெட்ரோலில் ஊறிய வாஷர் உப்பி, தன் பள்ளத்துக்குள் கொள்ளாமல் லிவரை மேலே தள்ளுகிறது. வண்டி நெடுநாள் நின்று டேங்க் காய்ந்துவிட்டால் அதே ரப்பர் சுருங்கி, விறைத்து, லிவர் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, பெட்ரோல் ஆவியான பின் எஞ்சும் பழுப்புநிறப் பிசின். மூன்றாவது, டேங்கிலிருந்து இறங்கும் துருத்தூளும், துத்தநாகக் கலவை உடலில் பூக்கும் வெள்ளை அரிப்பும்.

இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கும் அளவு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பரை உப்பச் செய்யும். கார்க்கின் மேல் பூசிய அரக்கையும் கரைக்கும். எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவதும் சரியல்ல. முப்பது ஆண்டு மாற்றாத வாஷர் எந்தப் பெட்ரோலிலும் கெட்டுத்தான் இருக்கும்.

விட்டால் என்ன ஆகும்

திருப்பக் கடினமாக இருக்கிறதே என்று டேப்பை நிரந்தரமாக ஆனில் விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்கும் வரை இதனால் தொல்லை இல்லை. ஊசியில் ஒரு தூசி சிக்கினால் போதும், இரவோடு இரவாகப் பெட்ரோல் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் அறை நிரம்பி, காலையில் கிக்கர் கல்லாக நிற்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு கூடியிருப்பதும் அதில் பெட்ரோல் வாடை அடிப்பதும் இதன் அடையாளம். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக்கூடாது.

பழுதுநீக்கம்

இடுக்கியால் லிவரைப் பிடித்துத் திருகுவது முதல் தவறு. லிவர் உடையும், உடையாவிட்டால் உள்ளே ரப்பர் கிழிந்து, துணுக்குகள் கார்புரேட்டரின் ஜெட்டில் போய் அடைக்கும். வெளியிலிருந்து எண்ணெய் தெளிப்பதும் பயன் தராது. பிடித்திருக்கும் இடம் உள்ளே; அங்கே போய்ச் சேரும் கொஞ்ச எண்ணெயும் ரப்பரை இன்னும் உப்ப வைக்கும். டேப்பைக் கழற்றித் திறப்பது ஒன்றே வழி.

வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பக்கத்து அறை அடுப்பு வரை போகும். டேப் திறந்த நிலையில் இறுகியிருந்தால் கார்புரேட்டருக்குப் போகும் டியூபை உருவி, பெட்ரோலை மூடியுள்ள கேனில் பிடித்துக்கொள்ளலாம். மூடிய நிலையில் இறுகியிருந்தால் கைப்பம்பு வைத்து மேலிருந்து எடுக்க வேண்டும். டியூபில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் ஆபத்தானது. நுரையீரலில் இறங்கிய பெட்ரோல் உயிரையே வாங்கும்.

டேங்கை இறக்கி, டேப் மேலே வரும்படி பழந்துணி மேல் சாய்த்து வைத்தால் வேலை எளிது. டேப்பை டேங்கோடு பிடித்திருப்பது சில வண்டிகளில் இரண்டு சிறு போல்ட், சிலவற்றில் ஒரே பெரிய நட். போல்ட்டின் கீழ் இருக்கும் ஃபைபர் வாஷரைத் தொலைத்துவிட்டு இரும்பு வாஷர் போட்டால் அந்த வழியாகவே கசியும். டேப் வெளியே வந்ததும் குழாயைச் சுற்றிய வலையைப் பார்க்க வேண்டும். அதில் செந்தூள் அப்பியிருந்தால் டேங்கின் துருவைக் கழுவாமல் டேப்பை மட்டும் சரிசெய்து பயனில்லை.

அடுத்து தகட்டைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு ஸ்க்ரூ. தலை மழுங்குவது இங்கேதான். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்தி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். தகடு, அலை வாஷர், லிவர், ரப்பர் என்ற வரிசையில் பாகங்கள் வெளியே வரும். பூட்டும்போது இதே வரிசை தலைகீழாக. கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பிசினைத் துடைத்த பிறகு லிவர் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறல் தெரிந்தால் கண்ணாடித் துண்டின் மேல் 1000 எண் உப்புத்தாளை விரித்து, நீர் தொட்டு, வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் முகம் சமமாகும். ரப்பர் வாஷரை எப்போதும் புதிதாகவே போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போடும் சிக்கனம் சில வாரங்களில் கசிவாக வந்து நிற்கும்.

சாதாரண கிரீஸை உள்ளே தடவக்கூடாது. பெட்ரோல் அதைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுபோகும். பெட்ரோலில் கரையாத கிரீஸ் கிடைத்தால் மெல்லிய பூச்சு போதும். கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம். லிவர் லேசாகத் திரும்ப வேண்டும் என்று இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி விடுவது பட்டறைகளில் நடக்கும் குறுக்குவழி. சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவதற்கு அதுவே வழி செய்கிறது.

கூம்பு வகையில் வால்வு தேய்க்கும் பசையை மிகக் கொஞ்சம் தொட்டு அச்சை முன்னும் பின்னும் சுழற்றிப் பதிய வைத்து, பசை துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். காய்ந்த கார்க்கைக் கொதிநீரில் போட்டெடுத்தால் மீண்டும் பருக்கும். அரிக்கப்பட்டிருந்தால் மாற்றவே வேண்டும். தகடு ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட்டால் அடிக்கப்பட்ட டேப்களைத் திறக்கும்படி செய்யவில்லை. அவற்றை முழுதாக மாற்றுவதே முறை.

பூட்டிய பிறகு அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, ஆஃபில் வைத்து, டியூப் முனைக்குக் கீழே காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விட வேண்டும். காகிதம் நனையாவிட்டால் ரிசர்வில் ஓட்டம் பார்க்கலாம். ஆன் குழாயின் உயரத்துக்கு மேல் பெட்ரோல் வந்த பிறகே அந்த நிலையைச் சோதிக்க முடியும்.

உதிரிபாகம்

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டேங்குக்குள் மின்பம்பு வந்ததால் டேப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. பழைய வண்டிகளுக்கான டேப்பும் வாஷர் கிட்டும் சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் வண்டிக்கு வண்டி மாறுவதால் பழைய வாஷரைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. முகம் கெடாத பழைய டேப்புக்குக் கிட் மாற்றுவது, பெயர் தெரியாத புது டேப் வாங்குவதைவிட மேல்.