தேக்கு, டெக், கொஞ்சம் ஆணி

ஒரு வாரமா நெஜமாவே ஆணி புடுங்கிட்டு இருந்தேன் மக்களே. டார்ம்ஸ்டாட்ல நான் குடியிருக்கற வீட்டுக்குப் பின்னாடி, தரையோட தரையா மரத்துல ஒரு டெக் போடுறோம். மண்ணைத் தோண்டி, களை வராம இருக்க ஒரு துணி விரிச்சு, ஜல்லி கொட்டி, அதுமேல சிமெண்ட் கல், கல்லு மேல சட்டம், சட்டத்து மேல பலகை. தண்ணி ஓட லேசா வாட்டம் வேணும், பலகைக்குப் பலகை சந்து விடணும். மரம் மண்ணைத் தொட்டுக்கிட்டே இருந்தா உளுத்துடும்.

"தேக்கு போட்டிருக்கலாமே"ன்னு கேட்டேன். வீட்டுக்காரர் தலையை ஆட்டிட்டார். "உங்க ஊர்க் காட்டை நாங்க ஏன் வெட்டணும்?" அதனால டக்ளஸ் ஃபிர். (அதுவும் அமெரிக்காலேர்ந்து வந்து குடியேறின மரம். அது வேற கதை.) நல்ல மனுஷன். ஆனா அந்தக் கேள்வி ராத்திரி பூரா குடைஞ்சுது. அதுக்கு ஒரு பழைய பதில் இருக்கு, அதோட ஒரு நுனி இந்த ஊர்ல இருக்கு.

டெக் என்பது முதலில் கப்பலின் மேல்தளம். தோட்டத்துக்கு வந்தது ரொம்பப் பின்னாடி. நெப்போலியன் காலத்துப் போர்களில் இங்கிலாந்துக்கு ஓக் மரம் தட்டுப்பாடு. கண் நம்ம தேக்கு மேல விழுந்தது. 1817-ல் பம்பாயில் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய 'டிரிங்கோமலி' (நம்ம திருகோணமலைதான்) போர்க்கப்பல் மலபார் தேக்கு. இருநூறு வருஷம் தாண்டியும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இப்படி வெட்டினா மிஞ்சுமா? 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்தார். நட்டு வளர்த்தெடுத்தவர் சாத்து மேனன். ஆனைமலையில் வெட்டின மரத்தை மேலேயிருந்து சறுக்கிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப்.

காட்டை நிர்வாகம் பண்ண ஆள் வேணுமே, அதுக்கு ஜெர்மன்காரர்களைப் பிடித்தார்கள். பான் நகரத்து டீட்ரிச் பிராண்டிஸ் 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைவர். 1883-ல் அவர் இடத்துக்கு வந்தவர் வில்ஹெல்ம் ஷ்லிஷ். பிறந்தது 1840-ல், ஃப்ளோன்ஹைம் கிராமத்தில். அது அப்போ டார்ம்ஸ்டாட்டைத் தலைநகரா வச்சிருந்த ஹெஸ்ஸன் சமஸ்தானம். வனவியல் படித்தது இதே ஹெஸ்ஸனில், கீஸனில். 1866 போரில் ஹெஸ்ஸன் ஆஸ்திரியா பக்கம் நின்று தோற்றது, ஷ்லிஷுக்கு வேலை போச்சு. பொழைப்பு தேடி பர்மா போனார். இப்ப நாம இங்க வர்றோம் :-)

மதராஸ் மட்டும் முரண்டு பிடித்தது. மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அனேகமாகக் கிடையாது, சமீபகாலம் வரை அரசாங்கம் எந்தக் காட்டையும் தன் சொத்து என்று சொன்னதில்லை என்று 1871-ல் மதராஸ் ரெவென்யூ போர்டு எழுதியிருக்கிறது. எழுதினது வெள்ளைக்கார அதிகாரிங்க! ரெண்டு தடவை கண்ணைத் தேச்சுக்கிட்டுப் படிச்சேன். பிராண்டிஸ் நேரிலேயே வந்தார். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ரிசர்வ் காட்டுக்குள்ள மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் சர்க்கார் அனுமதி வேணும், இல்லாட்டி குற்றம்.

பிராண்டிஸைப் பத்தி நியாயமா ஒண்ணு சொல்லணும். 1878 இந்திய வனச் சட்டத்துக்கு முன்னால நடந்த விவாதத்தில், கிராமங்களுக்கென்று தனிக்காடு விடணும்னு வாதாடினவர் அவர். எடுபடலை. ஆனைமலைக் காடர்கள் மாதிரி ஆட்களோட உரிமையைச் சட்டம் ஒத்துக்க 2006 ஆச்சு.

இதையெல்லாம் வீட்டுக்காரர்கிட்ட ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டே சொன்னேன். ஷ்லிஷ் பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துட்டு, "கீஸன் ஆளா?"ன்னு மட்டும் கேட்டார்.

இன்னும் பதினோரு பலகை பாக்கி. ரசமட்டத்தை வேற எங்கியோ வச்சுட்டேன், தேடணும்.