பேட் பயிற்சி: பாக்கியாவோவும் ரோச்சும்

பேட் பயிற்சி என்பது குத்துச்சண்டைப் பயிற்சி முறைகளுள் ஒன்று. பயிற்சியாளர் இரு கைகளிலும் தட்டையான தோல் பேட்களை மாட்டிக்கொண்டு நகர்வார். வீரர் அவற்றின் மீது குத்துவார். குத்தின் வலிமையைவிடக் காலடி வைப்பையும் பழக்கங்களையும் அமைப்பதே இதன் முதன்மைப் பயன். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவோ, அமெரிக்கப் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச் இருவரின் கூட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

தொடக்கம்

ரோச் முன்னாள் குத்துச்சண்டை வீரர். எடி ஃபட்ச்சின் மாணவர். பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்தபடியே வீரர்களுக்குப் பேட் பிடித்தவர். 2001-ல் பாக்கியாவோ ஹாலிவுட்டில் இருந்த ரோச்சின் வைல்ட் கார்டு பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். அவ்வாண்டு ஜூன் 23 அன்று லெலோ லெட்வாபாவை ஆறாம் சுற்றில் வென்று பட்டம் பெற்றார்.

மாற்றம்

பாக்கியாவோ இடக்கை வீரர். தொடக்க காலத்தில் பெரும்பாலும் இடக்கை நேர்க்குத்தையே நம்பியிருந்தார். இடக்கை வீரர் தன் முன்காலான வலக்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறம் வைத்தால், இடக்கைக்கு நேர்வழி கிடைக்கும். பேட் பிடிப்பவர் இடைவிடாமல் பக்கவாட்டில் நகரும்போது, வீரரும் குத்திய இடத்திலேயே நிற்காமல் அடுத்த கோணத்துக்குக் காலை மாற்றப் பழகுகிறார். கை தாழ்ந்தால் பேட் தலையைத் தட்டும். அடுத்த முறை கை தானாக உயரும்.

2005 மார்ச்சில் எரிக் மொராலெஸிடம் தோற்றபின் வலக்கையை வளர்ப்பதில் இருவரும் கவனம் செலுத்தினர். 2006-ல் மொராலெஸை இருமுறை பாக்கியாவோ வீழ்த்தினார். 2009 மே 2 அன்று ரிக்கி ஹாட்டனை முதலில் கீழே தள்ளியது அவரது வலக்கை ஹூக். இரண்டாம் சுற்று முடிய ஒரு நொடி இருக்கையில் ஆட்டம் முடிந்தது.

எல்லை

பழக்கம் இருபுறமும் வெட்டும். பாக்கியாவோ பாய்ந்து உள்ளே நுழையும் முறையை ஹுவான் மானுவல் மார்க்கேஸ் மூன்று போட்டிகளில் நேரில் கண்டிருந்தார். 2012 டிசம்பர் 8 அன்று நடந்த நான்காம் போட்டியின் ஆறாம் சுற்றில், முடிய ஒரு நொடி இருந்தபோது, பாக்கியாவோ முன்கை நீட்டி உள்ளே நுழைந்தார். மார்க்கேஸின் வலக்கைக் குத்தில் நினைவிழந்து விழுந்தார்.

பேட் பிடிப்பவர் வீரரின் தாளத்துக்கு இசைந்து நடப்பவர். எதிராளி அதைக் குலைக்க வருபவர். எனவே பேட் பயிற்சியில் பதிந்த பழக்கத்தை, எதிராளியுடன் மோதும் ஸ்பாரிங் பயிற்சியிலும் சோதித்துத் திருத்த வேண்டியுள்ளது.