பத்து மாதக் குதிர்

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் உருளைக்கிழங்கைப் பற்றி இரண்டு செய்திகள் இருக்கின்றன. கோதுமை விளையும் அதே நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டால் இன்னும் பல பேருக்கு உணவு கிடைக்கும் என்பது முதல் செய்தி. அதற்குச் சான்றாக, லண்டனில் மூட்டை தூக்கிப் பிழைத்த அயர்லாந்துக்காரர்களின் உடல் வலுவை அவர் காட்டினார். இரண்டாவது செய்தி, இந்தக் கிழங்கைத் தானியத்தைப் போல இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்து வைக்க இயலாது என்பது. ஓராண்டு முழுக்கக் காப்பதே கடினம் என்றார். முதல் செய்தியை உலகம் பிடித்துக்கொண்டது. இன்றும் உருளைக்கிழங்கின் வரலாற்றை எழுதுவோர் ஏக்கருக்கு எத்தனை டன் என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த வரலாற்றில் மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட இடங்களையெல்லாம் தீர்மானித்தது ஸ்மித்தின் இரண்டாவது செய்திதான் என்று நான் கருதுகிறேன். அயர்லாந்தின் குடிசைத் தோட்டமும் ஆண்டிஸ் மலையின் குடிசை முற்றமும் இதற்கு எதிரெதிர்ச் சாட்சிகள்.

அயர்லாந்தின் ஏழைக் குடும்பம் கிழங்கு பயிரிட்ட முறை எளிமையானது, ஆனால் உழைப்பு மிகுந்தது. ஏரும் குதிரையும் இல்லாதவர்கள் 'லாய்' என்ற ஒடுக்கமான மண்வெட்டியால் புல்தரையை இரண்டு பக்கமும் வெட்டி உள்நோக்கி மடித்து, மேடான பாத்தி அமைத்தார்கள். நடுவே எருவும், கடலோரமானால் கடற்பாசியும் இட்டு, கண்ணுள்ள துண்டுகளாக வெட்டிய விதைக்கிழங்கை வைத்தார்கள். செடி வளர வளர வாய்க்காலிலிருந்து மண்ணை அள்ளி அணைத்தார்கள். வெளியார் இதற்குச் சோம்பேறிப் பாத்தி என்று பெயர் வைத்தது பெரும் அநீதி. ஈர மண்ணில் நீர் வடியவும், பாறை நிலத்தில் மண்ணின் ஆழம் கூடவும் அறிந்து செய்த வேலை அது. வசந்தத்தில் நட்டதை அக்டோபர், நவம்பரில் தோண்டி, வீட்டருகே ஆழமில்லாத குழியில் கூரை வடிவில் குவித்து, வைக்கோலோ நாணலோ பரப்பி, மேலே மண் போட்டு மெழுகியதுபோல் தட்டிவிட்டால் அதுதான் களஞ்சியம். அந்தக் குழி ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் முழுவதையும் தாங்கியது. வேலை செய்யும் ஓர் ஆண் நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோ வரை கிழங்கு தின்ற காலம் அது. மோரோடு சேர்ந்தால் அதுவே உடலுக்குப் போதுமான உணவாகவும் இருந்தது.

ஆனால் கிழங்கு தானியம்போல் உறங்குவதில்லை. எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். குழிக்குள்ளும் அது மூச்சு விடுகிறது, சூடேறுகிறது, வியர்க்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துக் கசக்கிறது. வசந்தத்தின் வெப்பம் வந்தால் முளைவிட்டுச் சுருங்குகிறது. எவ்வளவு கவனமாக மூடினாலும் குழியின் ஆயுள் பத்து மாதத்தைத் தாண்டாது. பழைய கிழங்கு தீர்ந்து புதியது தோண்டுவதற்கு இடைப்பட்ட வாரங்களை அங்கே 'பசி ஜூலை' என்றே அழைத்தார்கள். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டுகளிலும் இந்தப் பசி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விளைச்சல் பெருகினால் அடுத்த ஆண்டுக்கு மிச்சம் வைக்க வழியில்லை. ஒரே அளவு சக்தி தரத் தானியத்தைவிடக் கிழங்கு நான்கு மடங்கு எடை வேண்டும் என்பதால், மோசமான சாலையில் பஞ்ச ஊருக்கு வண்டி கட்டிக் கொண்டுபோகவும் கட்டுப்படியாகாது. மிச்சத்தைச் சேமிக்க ஏழைக்கு இருந்த ஒரே வழி, அதைப் பன்றிக்குப் போடுவது. பன்றிதான் உயிருள்ள குதிர். ஆனால் அந்தக் குதிரைத் திறந்தவர் நிலக்கிழார்: பன்றியை விற்ற பணம் குத்தகையாகப் போயிற்று.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தெரிந்துவிட்டது. 1739 டிசம்பர் இறுதியில் வழக்கமில்லாத கடும் குளிர் அயர்லாந்தைத் தாக்கி, ஏழு வாரம் நீடித்தது. குளிர்காலம் மிதமாக இருக்கும் நாடு என்பதால் பலர் கிழங்கைப் பாத்தியிலேயே விட்டுவைத்து வேண்டும்போது தோண்டினார்கள். மற்றவர்களின் குழிகள்மேல் இருந்தது மெல்லிய மண்போர்வைதான். சில நாட்களில் உண்ணவும் விதைக்கவும் வைத்திருந்த கிழங்கு உறைந்து, பிறகு கூழாகிவிட்டது. தொடர்ந்து வந்த வறட்சியில் தானியமும் பொய்த்தது. 1740-41 பஞ்சத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு; நாட்டின் மக்கள்தொகையே அப்போது 25 லட்சத்தைத் தாண்டியிருக்காது. அந்த முறை செடியில் எந்த நோயும் இல்லை, வயலில் எந்தக் குறையும் இல்லை. விளைந்து முடிந்த கிழங்கு காப்பிடத்தில் அழிந்தது.

அதே உறைபனி, கிழங்கின் பிறந்த ஊரில் எதிரியாக இருக்கவில்லை. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடைப்பட்ட டிட்டிகாக்கா ஏரிப் பகுதியில், 3,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஜூன் ஜூலை இரவுகளில் நீர் உறையும். பகலில் வெயில் சுள்ளென்று காயும். அங்குள்ள குடும்பங்கள் அறுவடைக் கிழங்கின் ஒரு பகுதியைத் தரையில் பரப்பி இரவில் உறையவிட்டன. பகலில் இளகியதும் குவித்து, வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் பிரித்தன. சில நாள் இப்படிச் செய்து வெயிலில் உலர்த்தினால் கிடைப்பது 'சுன்யோ'. எடை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறையும்; கல்போல் இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாது. ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் வெள்ளை வகையில், கசப்புக் கிழங்கின் நச்சும் பெரும்பாலும் நீங்கிவிடும். இன்கா அரசு மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகக் களஞ்சியங்கள் கட்டியது. ஹுவானுக்கோ பம்பாவில் மட்டும் சுமார் 500 கட்டடங்களின் எச்சங்கள் உள்ளன. பொட்டோசி வெள்ளிச் சுரங்கத் தொழிலாளருக்குச் சுன்யோ விற்று ஸ்பானியர் பலர் செல்வந்தரானதைப் பெத்ரோ சியேசா தே லியோன் 1553இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். ஐரோப்பியர் கிழங்கைக் கடல் கடந்து எடுத்துச் சென்றார்கள். அதைக் காக்கும் கலை மலையிலேயே தங்கிவிட்டது.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. 1845இல் அயர்லாந்தை அழித்தது பின்பருவ இலைக்கருகல் நோய். பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரி வயலில் நின்ற செடியைத் தாக்கியது. இதில் சேமிப்புக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நோய் வயலில் தொடங்கியது உண்மை. ஆனால் நல்லதாகத் தோன்றிய கிழங்கைத் தோண்டிக் குழியில் வைத்த குடும்பங்கள், சில வாரம் கழித்துத் திறந்தபோது நாற்றமெடுக்கும் கருங்கூழைக் கண்டதுதான் அந்த ஆண்டின் அனுபவம். இலையிலிருந்து மழையோடு இறங்கிய வித்துக்கள் கிழங்கில் பற்றி, அடைத்த குழியின் ஈரத்தில் அழுகலாகப் பெருகின. பிரதமர் ராபர்ட் பீல் அமைத்த அறிவியல் குழுவும் உலர்ந்த, காற்றோட்டமுள்ள குழி வெட்டும் முறையைத்தான் துண்டறிக்கையாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. நோயின் காரணம் அறியாததால் அந்த அறிவுரை பலிக்கவில்லை. இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. 1845இல் விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 1846இல் கிட்டத்தட்ட எல்லாமே போயிற்று. 1847இல் நோய் தணிந்திருந்தும் பஞ்சம் தணியவில்லை. ஏனென்றால் உண்ணும் கிழங்கும் விதைக்கிழங்கும் ஒரே குழியில் இருந்தவை. பசித்தவர்கள் விதையைத் தின்றுவிட்டார்கள். 1845இல் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கராக இருந்த பயிர்ப்பரப்பு 1847இல் மூன்று லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை. 1841இல் 14 லட்சமாக இருந்த பன்றிகள் ஆறு லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தன. இரண்டு குதிர்களும் ஒருசேரக் காலியாயின. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள்.

இரண்டாவது மறுப்பு, குற்றம் கிழங்கின் மீதோ குழியின் மீதோ இல்லை, நில உடைமையின் மீது என்பது. இதை நான் மறுக்கவில்லை. என் வாதமே இதில்தான் போய் முடிகிறது. அயர்லாந்தின் ஈரக்காற்றில் சுன்யோ செய்ய முடியாது. அங்கே காக்கக்கூடிய உணவு ஓட்ஸ், பார்லி, கோதுமை. அவற்றையும் அதே உழவர்கள்தான் விளைவித்தார்கள். ஆனால் தானியம் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும் போனது. ஒரு பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் கிழங்கு நட்டுப் பிழைத்த கூலியாட்களுக்கு, குழியைத் தவிர வேறு சேமிப்பே விடப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க பெல்ஜியம் இருக்கிறது. 1845இல் அங்கு கிழங்கு இழப்பு விகிதம் அயர்லாந்தைவிடப் பெரிது. மக்கள் துன்பப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் இறந்தார்கள்; ஆயினும் தட்டில் ரை ரொட்டியும் இருந்ததால் நாடு குலையவில்லை. 1847இல் அயர்லாந்துக்குள் வந்த தானியம் வெளியே போனதைவிட அதிகம் என்று சிலர் நினைவூட்டுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் 1846 இலையுதிர்காலத்தில் தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இறக்குமதி பெருமளவில் வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டில். இடைப்பட்ட குளிர்காலத்தில் இறந்தவர்களுக்கு ஆண்டுக் கணக்கின் மொத்தத் தொகையால் பயன் இல்லை. அந்தச் சில மாதங்களைக் கடத்துவதற்குத்தான் உலகமெங்கும் மனிதர் குதிர் கட்டினார்கள்.

இன்காக்களின் களஞ்சியம் மட்டும் அறத்தில் எழுந்ததா, கட்டாய உழைப்பில் நிரம்பிப் படைகளுக்குத்தானே சோறிட்டது என்று மூன்றாவதாகக் கேட்கலாம். சரியான கேள்வி. விடை, அந்த அரசு வீழ்ந்த பின் எது மிஞ்சியது என்பதில் இருக்கிறது. மலைச்சரிவுக் களஞ்சியங்கள் பாழாயின. முற்றத்தில் கிழங்கை உறையவிட்டு மிதிக்கும் பழக்கம் ஐந்து நூற்றாண்டுகளாக வீடுகளில் தொடர்கிறது. அங்கே ஒரு குடும்பம் வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு வகைக் கிழங்குகளை நடுகிறது. ஒன்று உடனே உண்ண, ஒன்று உறைபனியில் உலர்த்த. அயர்லாந்தின் ஏழைகளோ பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே வகையை, ஒரே முறையில் காத்து, ஒரே கால எல்லைக்குள் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. சேமிக்கும் அறிவும் சேமிக்கும் உரிமையும் வீட்டின் கையில் இருந்ததா என்பதே இரண்டு வரலாறுகளையும் பிரித்த கோடு. ஆகவே ஒரு பயிரைப் புகழ்வதற்கு முன் கேட்க வேண்டியது, அறுவடை நாளில் எத்தனை மூட்டை என்பது மட்டுமில்லை. அடுத்த அறுவடைக்கு முந்திய நாளில், அதை விளைவித்தவரின் வீட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்றும் கேட்டாக வேண்டும். அயர்லாந்து பற்றி அந்தக் கேள்வியை 1740லேயே கேட்டிருக்கலாம். ஸ்மித்தின் எச்சரிக்கை அச்சாவதற்கு 36 ஆண்டுகள் முன்பே விடை கண்ணெதிரே அழுகிக் கிடந்தது.